நிறை

கட்டட விடுமுறை. யூலைக் கடைசி இரண்டு கிழமை
கியூபெக் முழுக்க ஆணி அடிக்கிற சத்தம் நின்றுவிடும்.
கூரைகளுக்குத் தார் ஊற்றுகிற நிமலனுக்கு
வருசத்தில் அந்தப் பதினாலு நாள்தான்
வானம் வேலையில்லாத வானம்.
எல்லாருக்கும் ஒரே நாளில் லீவு, ஒரே நாளில் நெடுஞ்சாலை,
ஒரே நாளில் பலூன்.

மே மாதமே பதிந்திருக்க வேணும் என்றாள்
தொலைபேசியில் ஜொஸ்லின் என்றொரு பெண்.
மே மாதம் பனி போனதையே நாங்கள் நம்பவில்லை
என்று பிரெஞ்சில் சொல்லத் தெரியாமல்
"வி, வி" என்றேன்.
யாரோ ஒரு குடும்பம் விலகிவிட்டதாம்.
வியாழன், விடிய நாலரை,
சென்-ஜோன்-சூர்-ரிஷ்லியூவில் ஒரு பள்ளிக்கூட மைதானம்.
வெயில் ஏறினால் பறக்க ஏலாது;
வெளியே குளிர்ந்திருந்தால்தான்
உள்ளே இருக்கிற சூடு தூக்குமாம்.
இந்த வெக்கைக்குக் கூடையில் மூன்று இடம்தான் மிச்சம்.
நாங்களும் மூன்று பேர்தான்.

பிறகு கேட்டாள்: ஆளுக்கு எத்தனை கிலோ?

இவ்வளவு காலமும் பறப்பதென்றால்
பெட்டியைத்தான் நிறுத்தோம்.
இருபத்துமூன்று. ஒரு கிலோ கூடினாலும்
விமானநிலையத் தரையில் பெட்டியைப் பிளந்து
மிளகாய்த்தூளைக் கைப்பையில் திணித்து,
சேலை ஒன்றைத் தோளில் போட்டு.
எங்களை ஒருத்தரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

நிமலன் கதிரையை விட்டு எழும்பாமல் "எண்பத்திரண்டு" என்றார்.
நான் அறுபத்தெட்டு என்றேன், ஓரளவு உண்மை.
மிதுஷா ஓடிப்போய்த் தராசில் ஏறிக் கத்தினாள்:
"இருபத்தேழு!"
போன வருசம் அவளும் ஒரு பெட்டியளவுதான் இருந்தாள்.

"எங்கே இறக்குவினம் எண்டு கேள்.
காரை எங்க விடுறது? விலாசம் வேணும்."
கேட்டேன். ஜொஸ்லின் சிரித்தாள்.
தெரியாது மதாம், காற்றைத்தான் கேட்க வேணும்.
யாரோ ஒருவரின் சோளக்காடு. சிலவேளை சோயா.
பின்னால் எங்கள் வான் வரும்.

அவர் விசிறியை இரண்டிலிருந்து மூன்றுக்குத் திருப்பினார்.
"இறங்குற இடம் தெரியாமல் ஏறுறதுக்குக்
காசும் குடுக்கினமே!"
அந்தக் கதை அதோடு நின்றது.

இரவு, குளியலறைக் கதவு சாத்தியிருந்தது.
தராசின் 'பீப்'. திரும்ப ஒருமுறை.
பிறகு எதையோ கழற்றிவைத்துவிட்டு
இன்னொருமுறை.
வெளியே வந்து விளக்கை அணைத்தபிறகு சொன்னார்:
"தொண்ணூற்றொன்று.
நாளைக்கு அவவுக்குச் சொல்லிப்போடு.
பைலட் என்னை நம்பித்தானே காஸ் ஏத்துவான்."

புதன்கிழமை மாசிச் சம்பல் வைத்துப் பாண் சுற்றினேன்.
தேத்தண்ணிப் போத்தல், நீளக்கை உடுப்பு,
தலைக்கு மேலே நெருப்பு எரியுமென்பதால் மூன்று தொப்பி.
மிதுஷா சப்பாத்தோடேயே படுத்தாள்.

மூன்றரைக்கு ஒரு குறுஞ்செய்தி:
தென்மேற்கு, மணிக்கு இருபத்தெட்டு கிலோமீற்றர். ரத்து.
கீழே, பொடி எழுத்தில்:
உங்கள் சீட்டு இரண்டு வருசம் செல்லும்.

பல்கனிக்கு வந்து பார்த்தோம்.
பார்க் எக்ஸில் ஒரு இலை அசையவில்லை.
"எங்கையம்மா காத்து?"
மேலே இருக்கும் என்றேன். நானும் தேடினேன்.
நின்றபடியே பாணைச் சாப்பிட்டோம், சம்பல் உறைத்தது.
நிமலன் எதிர்க் கட்டடத்தைக் கையால் காட்டினார்:
அந்தக் கூரை அவர் போட்டதாம்.
அதில் நின்றால் மலையும் தெரியும்,
சென் ஜோசப் கோயிலின் பச்சைக் கும்மட்டமும் தெரியும்.
ஆறு வருசத்தில் முதல்தடவையாகச் சொல்கிறார்.
மிதுஷா அவர் முதுகில் ஏறிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

குளிர்சாதனப்பெட்டிக் கதவில்
எங்கள் நிறைகள் எழுதின தாள்.
என்னுடைய அறுபத்தெட்டை வெட்டி
எழுபத்துமூன்று என்று பேனையால் எழுதினேன்.
மிதுஷாவுடையதை மட்டும்
பென்சிலுக்கு மாற்றினேன்.